விசியோ கோப்பு வந்துவிட்டது, கையில் விசியோ இல்லை: வேலையிடத்தில் எந்த வரைபட மென்பொருளைப் பிடிப்பது?

கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்வி மட்டும் ஒன்றுதான். வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருளான விசியோவில் ஒரு நெட்வொர்க் வரைபடம் அனுப்புகிறார், இவர்கள் அலுவலகத்தில் எல்லாம் லினக்ஸ். அல்லது குழுவில் பத்துப் பேர், அதில் ஒருவருக்குத்தான் விசியோ உரிமம், அவர் விடுப்பில் போனால் வேலை நிற்கிறது. அல்லது மேக் வைத்திருக்கிறார், மேக்குக்கு விசியோ செயலி என்று ஒன்று வந்ததே இல்லை. "விஎஸ்டிஎக்ஸ் கோப்பை எந்த இலவச மென்பொருள் திறக்கும்?" என்று கேட்கிறார்கள். விஎஸ்டிஎக்ஸ் என்பது விசியோவின் இன்றைய கோப்பு வடிவம். நிறையவே திறக்கும். ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், நான் முன்பு விழுந்த குழியிலேயே அவர்களையும் இறக்கிவிட்டதாக ஆகும்.

நான் விழுந்த கதை இது. சர்வர் அறை ஒன்றின் வரைபடம், தொண்ணூறு சொச்சம் பெட்டிகள். விசியோவில் செய்தது. இலவசக் கருவி ஒன்றில் திறந்தேன், அச்சு அசலாக அப்படியே வந்தது. பிரச்சினை எதுவும் இல்லை, இனி இதிலேயே வேலை செய்யலாம் என்று குழுவில் சொல்லியும்விட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்விட்சை வேறு ரேக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெட்டியை இழுத்தேன், பெட்டி வந்தது, அதில் ஒட்டியிருந்த ஏழு கோடுகளும் பழைய இடத்திலேயே நின்றன. சரி, கோடுகளைக் கையால் திருத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து திருத்தி, ஒரு வழியாக விஎஸ்டிஎக்ஸ் ஆக்கித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் அறிக்கை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் இருந்த வரிசை எண், ஐபி முகவரி, வாங்கிய தேதி எல்லாம் காலி. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மறுபடி உள்ளிட்டார்கள். சோதிக்காமல் வாக்குக் கொடுத்தது என் தவறு.

அதிலிருந்து "திறக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. திறந்து, ஒன்றைத் திருத்தி, சேமித்து, திருப்பி அனுப்பிய பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கும்? இதுதான் என் கேள்வி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

## எதை வைத்து அளப்பது

கோப்பு எந்தத் திசையில் போகிறது. உங்களிடம் வந்து நின்றுவிடுமா, திரும்பிப் போகுமா? பார்க்க மட்டும் வேண்டும் என்றால் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் போதும். வந்த கோப்பை எடுத்துக்கொண்டு இனிமேல் நாமே பராமரிப்போம் என்றால் பாதிக்குமேல் தாங்கும். இரண்டு பக்கமும் மாறி மாறித் திருத்தும் ஏற்பாடு என்றால்தான் சிக்கல், அங்கே மிகச் சில வழிகளே உண்டு. இந்த ஒன்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

வரைபடத்துக்குள் எவ்வளவு இருக்கிறது. வரைபடக் கோப்பில் மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தோற்றம்: பெட்டி, நிறம், எழுத்து. அதற்குக் கீழே ஒட்டுதல்: இந்தக் கோடு இந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறது, பெட்டி நகர்ந்தால் கோடும் வரவேண்டும் என்கிற உறவு. அடியில் தரவு: பெட்டியின் முதுகில் எழுதிவைத்த விவரங்கள். மாற்றும்போது தோற்றம் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஒட்டுதல் சந்தேகம், தரவு அதைவிடச் சந்தேகம். திரையில் தெரிவது தோற்றம் மட்டும் என்பதால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

விசியோவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஷேப்ஷீட் என்ற ஒரு சிறிய விரிதாள் இருக்கிறது. அகலம், உயரம், கோணம், எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் எண்களாகவும் சூத்திரங்களாகவும் இருக்கும். எழுத்து நீண்டால் பெட்டியும் நீள வேண்டும், கதவை இழுத்தால் வளைவும் விரிய வேண்டும் போன்ற சாமர்த்தியங்கள் அந்தச் சூத்திரங்களில்தான். மற்றக் கருவிகள் படிக்கும்போது பெரும்பாலும் சூத்திரத்தின் அப்போதைய விடையை எடுத்துக்கொண்டு சூத்திரத்தை விட்டுவிடும். எக்செல் தாளை அச்சடித்துக் கையில் கொடுத்த மாதிரி, எண்கள் சரியாக இருக்கும், கணக்கு ஓடாது.

எழுத்துரு. சின்ன விஷயம் போலத் தோன்றும். கலிப்ரி இல்லாத கணினியில் வேறொரு எழுத்துரு உட்கார்ந்தால் வரி உடைந்து பெட்டிக்கு வெளியே வழியும். கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு கலிப்ரியின் அகலங்களை அப்படியே பின்பற்றிச் செய்தது, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ் அப்படி. இவை இரண்டையும் நிறுவிவிட்டாலே "மாற்றும்போது கெட்டுப்போச்சு" என்ற புகார்களில் நிறைய அடங்கிவிடும். தமிழில் பெட்டிப் பெயர் எழுதுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், விண்டோஸின் நிர்மலா இருக்கும் இடத்தில் வேறு தமிழ் எழுத்துரு வந்தால் அகலம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும்.

கோப்பு எங்கே வாழ்கிறது, பத்து வருடம் கழித்து யார் திறப்பார்கள். உள் நெட்வொர்க்கின் வரைபடம் என்பது திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுத்த மாதிரி. அதை எந்த சர்வரில் ஏற்றுகிறோம் என்பது மென்பொருளின் வசதியைவிடப் பெரிய கேள்வி. அதே வரைபடம், மென்பொருளை வாங்கியவர் வேலையை விட்டுப் போனபின்னும் திறக்க வேண்டும்.

இன்னொன்று, இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஒய்எட் என்ற வரைபடக் கருவி காசில்லாமல் கிடைக்கும், ஆனால் மூலநிரல் அதன் நிறுவனத்தின் கையில். லிப்ரெஓபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, நிறுவனம் ஒன்று கைவிட்டாலும் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும். பத்து வருடக் கணக்குப் போடும்போது இந்த வேறுபாடு எடை கூடும்.

## "விசியோ கோப்பு" என்பது மூன்று வேறு கோப்புகள்

ஒப்பிடுமுன் இது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. விசியோ 1992இல் வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பாக வந்தது, மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 2000இல் வாங்கியது. பழைய வடிவம் விஎஸ்டி, பைனரி, அதாவது மனிதக் கண்ணால் படிக்க முடியாதது. கட்டற்ற மென்பொருள் உலகில் அதைப் படிக்கும் லிப்விசியோ என்ற நிரல்தொகுப்பு, கோப்புகளைப் பிரித்து ஆராய்ந்து ஊகித்தே எழுதப்பட்டது. நடுவில் விடிஎக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவம், அதாவது குறிச்சொற்களோடு உரையாக எழுதிய வடிவம், வந்தது. விசியோ 2013இல் விஎஸ்டிஎக்ஸ் வந்தது, அதிலிருந்து அதுதான் இயல்பு வடிவம். விசியோ 2013 விடிஎக்ஸைத் திறக்கும், ஆனால் அதில் சேமிக்காது. விஎஸ்டிஎக்ஸைத் திறக்க விசியோ 2010 வைத்திருந்தவர்களே தனியாக ஒரு இணக்கத் தொகுப்பை நிறுவ வேண்டியிருந்தது. ஆக, காசு கொடுத்து வாங்கினால் இணக்கப் பிரச்சினையே வராது என்பதும் உண்மையில்லை.

விஎஸ்டிஎக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொதி. பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே பக்கத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, மூல வடிவங்களுக்குத் தனி அடைவு, படங்கள் எல்லாம் அடுக்கியிருக்கும். வடிவத்தின் விவரணையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டும் இருக்கிறது. அதனால்தான் விஎஸ்டியைவிட இதை மற்றவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் வடிவங்களுக்கு ஐஎஸ்ஓ 29500 என்ற தரம் இருப்பது போல விசியோவுக்கு இல்லை, அந்தத் தரத்தில் விசியோ சேர்க்கப்படவில்லை. எதிர்ப்பக்கத்தில் லிப்ரெஓபிஸின் வரைபட வடிவமான ஓடிஜி, ஐஎஸ்ஓ 26300 என்ற ஓப்பன்டாக்குமென்ட் தரத்துக்குள் வருகிறது, ஆனால் விசியோ அதைத் திறக்காது. தரம் இருக்கும் வடிவத்தைப் பெரியவர் படிக்கமாட்டார், பெரியவருடைய வடிவத்துக்குத் தரம் இல்லை. இந்த இழுபறியில்தான் நம் வேலை நடக்க வேண்டியிருக்கிறது.

## ஒரே பார்வையில்

| கருவி | பழைய விஎஸ்டி | விஎஸ்டிஎக்ஸ் திறக்க | விஎஸ்டிஎக்ஸ் ஆகச் சேமிக்க | இணையம் இல்லாமல் | கட்டற்றதா |
|---|---|---|---|---|---|
| விசியோ மேசைக்கணினிப் பதிப்பு | திறக்கும் | முழுமையாக | முழுமையாக | முடியும் | இல்லை |
| விசியோ இணையப் பதிப்பு | திருத்த முடியாது | பெரும்பாலும் | ஆம் | முடியாது | இல்லை |
| டிரா.ஐஓ | முதலில் விஎஸ்டிஎக்ஸ் ஆக்கிக்கொள்ளுங்கள் | நன்றாக | நம்பி இறங்க வேண்டாம் | முடியும் | மூலநிரல் திறந்தது |
| லிப்ரெஓபிஸ் டிரா | நன்றாக | பார்க்கும் அளவுக்கு நன்றாக | முடியாது | முடியும் | ஆம் |
| லூசிட்சார்ட் | திறக்கும் | நன்றாக | கட்டணத் திட்டத்தில் | முதன்மையாக இணையத்தில் | இல்லை |
| டயா | இல்லை | இல்லை, விடிஎக்ஸ் மட்டும் | இல்லை, விடிஎக்ஸ் மட்டும் | முடியும் | ஆம் |
| மெர்மெய்ட், பிளான்ட்யுஎம்எல் | இல்லை | இல்லை | இல்லை | முடியும் | ஆம் |

இந்த அட்டவணையில் "நன்றாக" என்று எழுதிய இடமெல்லாம் தோற்ற அடுக்கைப் பற்றியது. ஒட்டுதலும் தரவும் கீழே.

## விசியோவையே வாங்குவது

மாறி மாறித் திருத்தும் ஏற்பாடு, வரைபடத்தின் முதுகில் தரவு, ஒப்பந்தத்திலேயே "விஎஸ்டிஎக்ஸ் வடிவில் ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள், வாங்கிவிடுங்கள். இலவசக் கருவியில் மிச்சம் பிடிக்கிற காசைவிடச் சரிபார்க்கிற மணிநேரங்கள் அதிகமாகும். கட்டற்ற மென்பொருளை விரும்புகிறவன்தான் நான், ஆனாலும் இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எத்தனை உரிமம் என்பதில்தான் நிறுவனங்கள் வீணடிக்கின்றன. பத்துப் பேரில் திருத்துகிறவர் இரண்டு பேர் என்றால் மற்ற எட்டுப் பேருக்குப் பிடிஎஃப் போதும். அப்புறம், நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: மைக்ரோசாஃப்ட் 365இன் பல வணிகச் சந்தாக்களில் 2021 முதல், உலாவியில் ஓடும் அடிப்படை விசியோ சேர்ந்தே வருகிறது. தனியாக வாங்குவதற்கு முன் உங்கள் சந்தாவில் அது இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும், ஏனென்றால் உலாவி போதும். பெட்டியின் பெயரை மாற்றுவது, ஒரு கோட்டைத் திருப்புவது போன்ற சின்னத் திருத்தங்களுக்கு இது தாராளம், கோப்பும் விஎஸ்டிஎக்ஸ் ஆகவே இருப்பதால் மாற்றம் என்ற பேச்சே இல்லை. மேக்ரோ ஓடாது, பழைய விஎஸ்டியைத் திருத்தாது, ஸ்டென்சில்கள் (ஆயத்த வடிவங்களின் தொகுப்புகள்) குறைவு.

மறைந்திருக்கும் செலவு: மேசைக்கணினிப் பதிப்பு விண்டோஸுக்கு மட்டும் என்பதால் உரிமத்தோடு ஒரு விண்டோஸ் கணினியும் சேர்ந்தே வருகிறது. சந்தா நின்ற நாளில் திருத்தும் உரிமையும் நிற்கிறது. பத்து வருட வரைபடங்கள் விசியோவில் மட்டுமே இருந்தால் அந்தச் சந்தாவை நிறுத்தவே முடியாது.

## டிரா.ஐஓ

வேலையிடத்தில் இலவசமாக ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நடுவில் சில ஆண்டுகள் டயகிராம்ஸ்.நெட் என்ற பெயரிலும் இருந்தது, இரண்டும் ஒன்றுதான். உலாவியில் ஓடும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் மேசைக்கணினிச் செயலி உண்டு, கணக்குத் தொடங்க வேண்டாம்.

விஎஸ்டிஎக்ஸை உள்ளே இழுத்தால் பக்கங்கள் தனித்தனியாக வரும், பெட்டிகள் பெட்டிகளாக வரும், முக்கியமாகக் கோடுகள் பெரும்பாலும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டே வரும். வடிவத்துக்குத் தரவு சேர்க்கும் வசதி இதிலும் இருப்பதால் உள்தரவு உட்கார இடமாவது இருக்கிறது. கெடுவது எங்கே என்றால், விசியோவின் தீம் நிறங்கள், நிழல்கள், சூத்திரத்தால் அளவு மாறும் சாமர்த்திய வடிவங்கள், கோட்டின் மேல் எழுதிய எழுத்து கொஞ்சம் தள்ளி உட்காருவது. ஐம்பது பெட்டி வரைபடம் ஒன்றைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே வருவது நல்ல சாலை, வெளியே போவது அப்படியில்லை. விஎஸ்டிஎக்ஸ் ஆக ஏற்றுமதி செய்வது இதில் எப்போதுமே சோதனை முயற்சி என்ற நிலையைத் தாண்டியதில்லை. அதை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். டிரா.ஐஓவுக்கு வருகிறீர்கள் என்றால் குடி மாறி வருவதாக நினைத்து வாருங்கள், போய்வருகிற இடமாக நினைக்காதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிஎன்ஜி அல்லது எஸ்விஜி படமாகச் சேமிக்கும்போது வரைபடத்தின் மூலத்தையும் அந்தப் படத்துக்குள்ளேயே பொதிந்துவிடலாம். ஆவணத்தில் அது சாதாரணப் படம், டிரா.ஐஓவில் இழுத்துப் போட்டால் மறுபடி திருத்தும் வரைபடம். படம் ஒரு பக்கம், மூலம் ஒரு பக்கம், மூலத்தைக் காணோம் என்ற தொல்லை இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், சுருக்கும்போது உள்ளே பொதிந்தது போய்விடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, இதன் எஸ்விஜியை வேறு இடத்தில் திறந்தால் எழுத்து காணாமல் போகலாம், ஏனென்றால் பெட்டிக்குள் உள்ள எழுத்தை எச்டிஎம்எல் துண்டாக எஸ்விஜிக்குள் வைக்கிறது, உலாவி அதைக் காட்டும், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள்கள் காட்டாது. ஏற்றுமதிக்கு முன் எல்லா வடிவங்களையும் தேர்ந்தெடுத்து, வடிவூட்டிய எழுத்து, வரி மடிப்பு இரண்டையும் அணைத்துவிட்டால் எழுத்து எழுத்தாகவே போகும். இரண்டாவது, இரகசிய வரைபடங்களுக்கு உலாவிப் பதிப்பு வேண்டாம், மேசைக்கணினிச் செயலியை நிறுவிப் பழகுங்கள், கோப்பு உங்கள் வட்டிலேயே இருக்கும்.

## லிப்ரெஓபிஸ் டிரா

பழைய விஎஸ்டி கோப்புகளின் குவியல் ஒன்று உங்களிடம் இருந்தால், அதற்கு இதுதான் சாவி. லிப்ரெஓபிஸ் 3.5, 2012இல் வந்தபோது விசியோ கோப்புகளைப் படிக்கத் தொடங்கியது, அடுத்த ஆண்டு 4.0இல் பழையது புதியது என்று விசியோவின் எல்லாப் பதிப்புகளின் கோப்புகளையும் படிக்கும் நிலைக்கு வந்தது. கட்டளை வரியிலிருந்து ஒரே கட்டளையில் ஓர் அடைவு முழுவதையும் பிடிஎஃப் ஆக்கிவிடலாம். நானூறு பழைய வரைபடங்களை ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நிலைமையில் இதைவிட மலிவான, பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது, ஒரு கோப்பும் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

திருத்துவதற்கு என்றால் சொல்ல வேண்டியது வேறு. விசியோவிலிருந்து வந்த கோடுகள் பல நேரம் வெறும் கோடுகளாகவே வந்து சேரும், பெட்டியை நகர்த்தினால் வராது. வடிவத்தின் தரவுக்கு இங்கே இடம் இல்லை. விஎஸ்டிஎக்ஸ் ஆகச் சேமிக்கும் வசதியே கிடையாது. விசியோ பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் எஸ்விஜி அல்லது இஎம்எஃப் ஆக்கிக் கொடுக்கலாம், அவர்கள் விசியோவில் செருகிக்கொள்ளலாம், ஆனால் அது உயிரில்லாத படம்.

ஆரம்பத்திலிருந்தே லிப்ரெஓபிஸ் டிராவில் வரைந்தால் கதையே வேறு. இதற்கும் கோடு ஒட்டும் வசதி உண்டு, அடுக்குகள் உண்டு, ஓடிஜி ஒரு திறந்த தரம். அலுவலகம் முழுவதும் லிப்ரெஓபிஸ் என்றால், ஆவணங்களுக்குள் வரைபடங்களும் போக வேண்டும் என்றால், இதில் வரைவதுதான் நிம்மதி.

இன்னொரு நிலைமை. யாரோ ஒரு வேர்ட் ஆவணம் அனுப்புகிறார், அதற்குள் விசியோ வரைபடம் பொதிந்திருக்கிறது, இரட்டைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை. அந்த டாக்ஸ் கோப்பின் பின்னொட்டையும் ஜிப் என்று மாற்றித் திறந்து, பொதிவுகள் வைத்திருக்கும் அடைவுக்குள் போனால் அசல் விஎஸ்டிஎக்ஸ் முழுதாக அங்கே இருக்கும். மூலக் கோப்பு தொலைந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு வரைபடத்தை நான் இப்படித்தான் மீட்டேன்.

## லூசிட்சார்ட் போன்ற சந்தாச் சேவைகள்

இரண்டு பக்கமும் விஎஸ்டிஎக்ஸ் போய்வர வேண்டும், ஆனால் விசியோ வேண்டாம் என்றால் மிச்சம் இருக்கும் சில வழிகளில் இது ஒன்று. இறக்குமதி நன்றாக இருக்கிறது, கட்டணத் திட்டத்தில் விஎஸ்டிஎக்ஸ் ஏற்றுமதியும் உண்டு. ஒரே வரைபடத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வது இதன் பலம். மேக்கில் மட்டும் வேலை செய்பவர் ஆம்னிகிராஃபிளைப் பார்க்கலாம், அதன் புரோ பதிப்பு விசியோ கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் செய்யும்.

இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய ஆவணங்கள் 3தான். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் வட்டில் கோப்பு என்று எதுவும் இல்லை. அசல் அவர்கள் சர்வரில், உங்களிடம் இருப்பது ஏற்றுமதி செய்த பிரதிகள். ஒரு ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி வரைந்து, பிறகு வேலையை விட்டுப் போனால், வரைபடங்களும் அவரோடு போகும். இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் நிறுவனக் கணக்கில் மட்டும் என்று முதல் நாளே விதி போடுங்கள், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் விஎஸ்டிஎக்ஸ், பிடிஎஃப் இரண்டாகவும் இறக்கி வையுங்கள்.

## டயா, இங்க்ஸ்கேப், ஒய்எட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயா பழைய நண்பன், 1998 முதல் இருக்கிறது. விடிஎக்ஸ் எழுதும், விசியோ அதைத் திறக்கும், ஆனால் இன்றைய விசியோ விடிஎக்ஸில் சேமிக்காததால் அது ஒருவழிப் பாதை. இங்க்ஸ்கேப் விஎஸ்டியைத் திறக்கும், எல்லாம் வெறும் கோட்டு வடிவங்களாகிவிடும், ஒரு ஐகானை உருவியெடுக்க அல்லது அச்சுக்குத் தர நல்லது, வரைபடமாகப் பராமரிக்க ஆகாது. ஒய்எட்டின் பலம் தானாக அடுக்குவது: எக்செல் பட்டியலில் எது எதோடு இணைந்திருக்கிறது என்று கொடுத்தால் முந்நூறு பெட்டிகளைக்கூட ஒழுங்காகப் பரப்பிக் கொடுக்கும், சேமிப்பது கிராஃப்எம்எல் வடிவில். அந்த ஒரு வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

## எழுத்தாகவே வைத்திருப்பது: மெர்மெய்ட், பிளான்ட்யுஎம்எல்

நிரலாளர்கள் குழுவில் இருந்தால் இதைத் தீவிரமாக யோசியுங்கள். "அ-விலிருந்து ஆ-வுக்கு அம்பு" என்று எழுத்தில் எழுதினால் கருவி படம் வரைந்து தரும். பிளான்ட்யுஎம்எல் 2009 முதலும் மெர்மெய்ட் 2014 முதலும் இருக்கின்றன, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 பிப்ரவரியில் மெர்மெய்டை நேரடியாகக் காட்டத் தொடங்கியது. கோப்பு வெறும் உரை என்பதால் வடிவ இணக்கம் என்ற பிரச்சினையே மறைகிறது, எந்த எடிட்டரிலும் திறக்கும், யார் எந்தக் கோட்டை எப்போது மாற்றினார் என்று, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் வரி வரியாகப் பார்க்கலாம். விஎஸ்டிஎக்ஸில் இதைக் கனவிலும் நினைக்க முடியாது.

விலை என்னவென்றால் இட அமைப்பு உங்கள் கையில் இல்லை. இந்தப் பெட்டி இங்கேதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் வரைபடங்களுக்கு, அதாவது ரேக் அமைப்பு, தளத் திட்டம், மேலாளர்கள் பார்க்கும் அழகான படம், இது சரிவராது. இருபது முப்பது பெட்டிகளைத் தாண்டினால் கோடுகள் சிக்கலாகும். நிரலாளர் அல்லாதவர்கள் தொடமாட்டார்கள், இதைக் கட்டாயப்படுத்திய ஒரு குழுவில் மற்றவர்கள் திரைப்பிடிப்பு எடுத்து அதன்மேல் வட்டம் போட்டு அனுப்பத் தொடங்கினார்கள்.

இதே பாதையில் இன்னொன்று: வரைவது வணிகச் செயல்முறை என்றால் பொதுவான வரைகருவியை விட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள பிபிஎம்என் குறியீட்டு முறையில் வரையும் கருவிக்குப் போங்கள். பிபிஎம்என் 2.0 ஐஎஸ்ஓ 19510 என்ற தரம், எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் அந்தக் கோப்பிலேயே பதிவாகிறது. கமுண்டா மாடலர் போன்ற இலவசக் கருவியில் வரைந்ததை வேறு நிறுவனத்தின் கட்டணக் கருவியில் திறந்தால் "இது ஒப்புதல் படி, இது முடிவெடுக்கும் இடம்" என்ற பொருளோடு வரும். விசியோவில் அதே சின்னங்களை வைத்து வரைந்து விஎஸ்டிஎக்ஸில் அனுப்பினால் மறுபக்கத்தின் கருவிக்கு அவை வெறும் உருவங்கள்.

## யாருக்கு எது

வாடிக்கையாளர் அனுப்புவார், நாம் பார்த்துக் கருத்து மட்டும் சொல்வோம்: கருவியே வேண்டாம், பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில் லிப்ரெஓபிஸ்.

விசியோவை விட்டு மொத்தமாக வெளியேறுகிறோம்: டிரா.ஐஓ. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம், ஒரு வரைபடத்தைத் திருத்த வேண்டிய நாள் வரும்போது அதை மட்டும் மாற்றுங்கள், மற்றவை பிடிஎஃப் துணையோடு அப்படியே இருக்கட்டும். ஸ்டென்சில்களை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள், டிரா.ஐஓ விசியோவின் விஎஸ்எஸ்எக்ஸ் ஸ்டென்சில் கோப்பை எடுத்துக்கொள்ளும். உரிமம் முடிவதற்கு முந்தைய வாரம், விசியோ இருக்கும் கணினியில் உட்கார்ந்து பழைய விஎஸ்டிகளை விஎஸ்டிஎக்ஸ் ஆகவும், வடிவத் தரவை அறிக்கையாக எடுத்து எக்செலாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். உரிமம் முடிந்தபின் அந்தத் தரவை எடுப்பது பல மடங்கு கடினம்.

கலந்த அலுவலகம், சிலருக்கு விசியோ, பலருக்கு இல்லை: இதுதான் அதிகம் பேர் இருக்கும் நிலைமை. இங்கே நான் பிடிவாதமாகச் சொல்வது, ஒரு வரைபடத்துக்கு ஒரே அசல், அந்த அசலுக்கு ஒரே வடிவம். விஎஸ்டிஎக்ஸ் அசல் என்றால் திருத்தம் விசியோவில் மட்டும் நடக்கும், மற்றவர்கள் பிடிஎஃபில் குறிப்பு எழுதி அனுப்புவார்கள். டிரா.ஐஓ அசல் என்றால் விசியோக்காரர்களும் டிரா.ஐஓவுக்கு வர வேண்டும், அதற்கு உலாவி போதுமே. இரண்டிலும் திருத்தி நடுவில் மாற்றிக்கொண்டே இருப்பது என்ற ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் உதிரும், எது எப்போது உதிர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

## முடிவெடுக்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

உங்களிடம் இருப்பதிலேயே மோசமான வரைபடத்தை எடுங்கள். அழகான மாதிரிக் கோப்பு எல்லாக் கருவியிலும் நன்றாகத்தான் திறக்கும். பழையது, பல பக்கம், அடுக்குகள், உள்தரவு, ஒட்டிய படங்கள் எல்லாம் இருக்கிற ஒன்று வேண்டும். விசியோவில் அதை முதலில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், ஒப்பிட அதுதான் சாட்சி.

புதிய கருவியில் திறந்ததும் தோற்றத்தைப் பார்க்காதீர்கள். நடுவில் இருக்கிற, கோடுகள் அதிகம் உள்ள ஒரு பெட்டியைப் பிடித்து இழுங்கள். கோடுகள் கூட வருகின்றனவா? அடுத்து ஒரு பெட்டியின் தரவைத் தேடுங்கள். ஓர் அடுக்கை மறைத்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் நீளமான பெயர் எழுதிப் பாருங்கள். இவை நான்கும் தேறிய பிறகு பிடிஎஃபை பக்கத்தில் வைத்துத் தோற்றத்தை ஒப்பிடலாம்.

திருப்பி அனுப்பும் வேலை உண்டென்றால், சேமித்து, விசியோ வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பி, அவரையும் இதே நான்கையும் செய்யச் சொல்லுங்கள். "திறக்குதா பாருங்க" என்று மட்டும் கேட்டால் திறக்கிறது என்றுதான் பதில் வரும். எந்தப் பெட்டியை இழுக்க வேண்டும், எந்தப் பெட்டியின் தரவைப் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதி அனுப்புங்கள்.